கரண்ட் இல்லாத மூன்று நாட்கள்: ஒன்ராறியோ குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி

2013 டிசம்பர் 21ஆம் திகதி இரவு முழுக்க ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் மரக்கிளைகள் முறிந்து விழுந்துகொண்டே இருந்தன. உறைமழை. மழையாகத்தான் விழும், ஆனால் மரத்தில், கம்பியில், கார்க் கண்ணாடியில் பட்டவுடனே ஐஸாகிவிடும், பாரம் ஏற ஏற எல்லாம் ஒடியும். விடியற்காலை மூன்று மணி போல கரண்ட் போனது. நான் பெரிதாக யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் காஸ் ஹீற்றிங்தானே, காஸ் வந்துகொண்டுதானே இருக்கும் என்று திரும்பிப் படுத்துவிட்டேன். காலையில் எழும்பினால் வீட்டுக்குள் 17 பாகை, அடுத்த நாள் 11. வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் எரிவது காஸில்தான், ஆனால் அதைப் பற்றவைக்கிற பொறியும் சூட்டை அறை அறையாகத் தள்ளுகிற விசிறியும் கரண்டில்தான் ஓடுகின்றன என்பது கனடாவுக்கு வந்து ஒன்பதாவது குளிர்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் அம்மாவும் ஏழு மாதக் குழந்தையும் இருந்தார்கள். எங்களுக்குக் கரண்ட் வந்தது ஐந்தாம் நாள்.

அந்த முறை ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அதைவிடப் பெரியது 1998 ஜனவரியில் நடந்தது. கிழக்கு ஒன்ராறியோ, தெற்குக் கியூபெக் பக்கம் ஐந்தாறு நாட்களுக்கு விட்டுவிட்டுப் பெய்த உறைமழை சில இடங்களில் 100 மில்லிமீற்றர் அளவுக்குப் போய், இராட்சத மின்கோபுரங்களே மடிந்து விழுந்தன, இராணுவம் இறக்கப்பட்டது, மொன்றியலுக்குத் தெற்கே சில ஊர்களுக்குக் கரண்ட் திரும்பி வர ஒரு மாதம் ஆனது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், புதிதாக வருகிறவர்கள் குளிருக்குத் தயாராவது என்றதும் கடைக்குப் போய் ஜாக்கெற் வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜாக்கெற் வேண்டும்தான். ஆனால் எந்த உடுப்பு சரி என்பது வெளியே போய் இரண்டு முறை நடுங்கினால் தானாகத் தெரிந்துவிடும். வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதை அப்படிப் பட்டுப் படிக்க முடியாது. கனடா அரசும் 72 மணி நேரம் யாருடைய உதவியும் இல்லாமல் சமாளிக்கிற அளவுக்கு ஒவ்வொரு வீடும் தயாராக இருக்கச் சொல்கிறது. கீழே இருப்பதெல்லாம் அந்த 72 மணி நேரத்தை மனதில் வைத்து, ஒக்ரோபரில் தொடங்கி மாத வரிசையில் எழுதியது.

ஒக்ரோபர்: வீட்டைச் சுற்றி ஒரு நடை

முதலில் ஃபேர்னஸ். வருடத்துக்கு ஒரு முறை உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள், அதையும் ஒக்ரோபர் தொடக்கத்திலேயே செய்யுங்கள், முதல் கடுங்குளிர் வந்த பிறகு கூப்பிட்டால் வரிசையில்தான் நிற்க வேண்டும். ஃபில்ற்றரை நீங்களே மாற்றலாம். மெல்லியது என்றால் மாதத்துக்கு ஒன்று, தடித்தது என்றால் மூன்று மாதம் வரை போகும். அடைத்துப்போன ஃபில்ற்றரோடு ஓடுகிற ஃபேர்னஸ் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், அது நடப்பது எப்போதும் குளிர் கூடிய இரவில்தான்.

அப்புறம் வீட்டுக்கு வெளியே போய், ஃபேர்னஸின் பைப்புகள் எங்கே வெளியே வருகின்றன என்று பாருங்கள். புதிய ரக ஃபேர்னஸ்களுக்குப் புகைபோக்கி கிடையாது, சுவரில் முழங்கால் உயரத்தில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் பைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று காற்றை இழுக்க, மற்றது கழிவுக் காற்றை வெளியே விட. பெரும்பனி கொட்டும்போது காற்று பனியை அள்ளிக்கொண்டுவந்து சுவரோரம் குவித்தால் இந்தப் பைப் மூடிப்போகும். ஃபேர்னஸ் நின்றுபோகலாம், அதைவிட மோசமாக, நச்சுக் காற்று வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். பனி அள்ளும்போது வாசல்படிக்கு முன்னால் இந்தப் பைப்பைத்தான் நான் முதலில் துப்புரவாக்குவேன்.

அந்த நச்சுக் காற்றுத்தான் கார்பன் மொனொக்சைட். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, சத்தி வருகிற மாதிரி ஒரு குமட்டல், தலைச்சுற்று, சோர்வு என்று காய்ச்சல் வரப்போவது போலத்தான் தொடங்கும், மனிதர் போய்ப் படுத்துவிடுவார், அப்படியே எழும்பாமல் விட்டுவிடுவார். ஒன்ராறியோவில் காஸ் கருவியோ, கணப்படுப்போ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் இதற்கான அலாரம் இருப்பது 2014இலிருந்து சட்டப்படி கட்டாயம். 2026 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்க வேண்டும். நான் வைத்திருப்பது பற்றரியிலும் ஓடுகிற ரகம், ஏனென்றால் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் இந்த ஆபத்துக் கூடும். அலாரத்தின் பின்பக்கத்தில் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிற மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அறைக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் ஃபேர்னஸ் இருக்கிறது. அலாரம் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பொருத்தித் தருவது அவருடைய கடமை, கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். அவர் இழுத்தடித்தால் அதற்காகக் காத்திருக்காமல் கடையில் ஒன்று வாங்கி வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

ஹீற்றிங் போதாமல் இருந்தாலும் இதே கதைதான். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டைக் குறைந்தது 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்று மாநகரசபை விதி இருக்கிறது. வீட்டுக்காரர் கேட்கவில்லை என்றால் மாநகரசபையின் 311 எண்ணுக்கு அழைத்து முறையிடலாம். நான் வந்த முதல் வருடம் 16 பாகையில் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன், கனடா என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு. அப்படி இல்லை.

அடுத்தது தண்ணீர். வெளியே தோட்டத்துக் குழாயில் செருகிய ஹோஸைக் கழற்றுங்கள், பேஸ்மென்டுக்குள் அந்தக் குழாய்க்குத் தண்ணீர் விடுகிற வால்வை மூடுங்கள், பிறகு வெளியே குழாயைத் திறந்து உள்ளே நிற்கிற தண்ணீர் வடியட்டும். தண்ணீர் ஐஸாகும்போது விரியும், விரிந்தால் பைப் வெடிக்கும். வெடித்தது உறைந்திருக்கும்போது தெரியாது, இளகும்போதுதான் பேஸ்மென்ட் குளமாகும். அதே கையோடு முழு வீட்டுக்குமான பிரதான வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டிவிடுங்கள், பிள்ளைகள் உட்பட. தேவைப்படுகிற நேரத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள்.

யன்னல், கதவு இடுக்குகளுக்கு ரப்பர்ப் பட்டி ஒட்டுவது, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சருகு அள்ளுவது எல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை. கம்பிக்கு மேல் சாய்ந்து நிற்கிற கிளையை நீங்களே வெட்டப் போகாதீர்கள், மின்சார நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.

நவம்பர்: மூன்று நாள் சாமான்

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர், ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு 30 லீற்றர். சமைக்கக் கழுவ என்றால் இன்னும் அதே அளவு. நகரத்தில் தனி வீட்டில் இருப்பவர்களுக்குக் கரண்ட் போனாலும் தண்ணீர் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள்தான் கவனம். மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றுவது மோட்டர், கரண்ட் போனால் அது நிற்கும், லிஃப்ற்றும் நிற்கும். பதினெட்டாம் மாடியில் வயது போனவர்கள் இருக்கிற வீட்டில் இந்தத் தண்ணீர் இல்லாமல் இருக்கக்கூடாது.

சாப்பாடு விஷயத்தில் ஒரு உண்மை. இங்கே பெரும்பாலான வீடுகளில் அடுப்பு கரண்டில் ஓடுகிறது, சோறு வைக்க முடியாது. அரிசி 40 இறாத்தல் மூட்டையாக இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் நாங்கள் இருந்தோம். அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அவல். வெறும் தண்ணீரில் ஊறவைத்து, சீனியும் வாழைப்பழமும் போட்டு அம்மா பிசைந்து தந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவல் குறைந்தது இரண்டு கிலோ எப்போதும் இருக்கும். அதோடு ரின் மீன், ரின்னில் வருகிற அவித்த கடலை, பிஸ்கற், பேரீச்சம்பழம், நிலக்கடலை வெண்ணெய், பால்மா. ரின் வெட்டுகிற கையால் திருகும் கருவி ஒன்று. பால்குடிக் குழந்தை இருந்தால் கலக்கத் தேவையில்லாமல் திரவமாகவே வருகிற குழந்தைப் பால் ரின்கள் சில.

மற்றவற்றைப் பட்டியலாகவே தருகிறேன், ஒரு பையில் போட்டு வாசலுக்குப் பக்கத்து அலுமாரியில் வையுங்கள்:

- ஆளுக்கொரு ரோச் லைற், மேலதிக பற்றரி. தலையில் மாட்டுகிற ரகம் இரண்டு இருந்தால் நல்லது, குழந்தையைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.
- பற்றரியில் அல்லது கையால் சுற்றினால் ஓடுகிற ரேடியோ.
- நிரம்பச் சார்ஜ் செய்த பவர் பாங்க். மாதத்துக்கு ஒரு நாள் குறித்துவைத்துத் திரும்பச் சார்ஜ் செய்ய வேண்டும்.
- ஒரு வாரத்துக்கான மருந்து, முக்கியமாக இன்சுலின், பிரஷர்க் குளிசைகள், பிள்ளையின் ஆஸ்துமா பம்ப். மருந்துச் சீட்டின் நகல்.
- சில்லறை நோட்டுகளாக 100, 150 டொலர். கரண்ட் இல்லாத கடையில் கார்ட் வேலை செய்யாது.
- முக்கியமான தொலைபேசி எண்கள் தாளில். கைபேசி செத்தால் ஒரு எண்ணும் நினைவுக்கு வராது.

வீட்டுத் தொலைபேசி இன்ரர்நெற் பெட்டியில் செருகியிருந்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். வயதான அம்மா அப்பா தனியாக இருக்கிற வீடுகளில் இதை ஒரு முறை பார்த்துவைத்து, அவர்களுக்கு ஒரு சாதாரணக் கைபேசியாவது வாங்கிக் கொடுங்கள். வீட்டில் ஒக்சிஜன் இயந்திரம் போல் கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி இருந்தால், பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், மாற்று ஏற்பாடு என்ன என்று இப்போதே மருத்துவக் குழுவிடமும் மின்சார நிறுவனத்திடமும் பேசிவையுங்கள். புயல் நடுவில் பேசுகிற விஷயம் இல்லை இது.

உடுப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்போடு ஒட்டியிருக்கிற முதல் உடுப்பு பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், ஈரம் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ பொலியெஸ்ரரோ உள்ளே, அதற்கு மேல் சூட்டைப் பிடிக்கிற தடித்த ஸ்வெற்றர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெற். விரல் தனித்தனியாக இருக்கிற கையுறையைவிட நாலு விரலும் ஒன்றாகக் கிடக்கிற மிற்றன் சூடு. சப்பாத்து ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கட்டும், இரண்டு சோடி காலுறையைத் திணித்து இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. காரில் சீற்றில் இருத்தும்போது தடித்த ஜாக்கெற்றோடு பெல்ற் போடாதீர்கள். மோதலில் ஜாக்கெற் நசுங்கி பெல்ற் தொளதொளத்துப்போகும். ஜாக்கெற்றைக் கழற்றி, பெல்ற்றை இறுக்கிப் போட்டு, மேலே கம்பளியால் மூடுங்கள்.

கார்

வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கியதும் சாதாரண ரயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும், பிடிமானம் குறையும். பனி இல்லாத காய்ந்த ரோட்டிலும் அப்படித்தான். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் காப்புறுதியில் கழிவு தர வேண்டும் என்ற விதி 2016இலிருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ரயரின் பக்கவாட்டில் மூன்று முகடு மலையும் நடுவில் பனிப்பூவும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நாலு சில்லுக்கும் போட வேண்டும், முன்னால் இரண்டு மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போகும்.

காருக்குள் ஒரு கம்பளி, சின்ன ஷவல், பூஸ்ரர் கேபிள், கொஞ்சம் மணல், ரோச், பிஸ்கற், மைனஸ் 40 வரை உறையாத கண்ணாடி கழுவும் திரவம். பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே போக விடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் பனிக்குள் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். 2022 டிசம்பர் 23ஆம் திகதி தொடங்கிய பனிப்புயலில், எல்லைக்கு அந்தப் பக்கம் பஃபலோவைச் சுற்றி 40 பேருக்கும் மேல் இறந்தார்கள், காருக்குள்ளும் தெருவிலும் வீட்டுக்குள்ளும். நயாகராப் பக்கம் நம் ஆட்களும் இரண்டு மூன்று நாள் வெளியே வர முடியாமல் இருந்தார்கள். மாட்டிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தோண்டி எடுங்கள். பிறகு மணிக்கு பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிட்டு, காற்று அடிக்காத பக்க யன்னலை விரலளவு திறந்துவையுங்கள். பனி கொட்டக் கொட்டப் புகைக்குழாயைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், அது மூடினால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும்.

எச்சரிக்கையை வாசிப்பது

கனடாச் சுற்றுச்சூழல் துறையின் வெதர்கான் செயலியைப் போட்டு உங்கள் ஊருக்கு எச்சரிக்கை வரும்படி செய்துகொள்ளுங்கள். 2025 நவம்பரிலிருந்து எச்சரிக்கைகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தோடு வருகின்றன. மஞ்சள் அடிக்கடி வரும், கவனமாக இருந்தால் போதும். ஆரஞ்சு வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சிவப்பு அபூர்வம், வந்தால் வீட்டை விட்டு நகராதீர்கள்.

பனியின் சென்ரிமீற்றர்க் கணக்கைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள், எனக்கு அதைவிடப் பயம் உறைமழை என்ற சொல்தான். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் சில பகுதிகளில் அரை மீற்றருக்கு மேல் பனி கொட்டி நெடுஞ்சாலைகளை மூடினார்கள், ஆனால் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது, குழந்தைகள் சந்தோஷமாக விளையாடினார்கள். பனி தள்ளினால் போகும். ஐஸ் கம்பியைக் கொண்டுபோய்விடும்.

விண்ட் சில் என்று ஒரு எண் சொல்வார்கள். காற்று அடிக்கும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்பது அது. வெளியே மைனஸ் 20, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால் விண்ட் சில் மைனஸ் 33. மைனஸ் 28க்குக் கீழே போனாலே மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கும், மைனஸ் 40க்குக் கீழே என்றால் 5 முதல் 10 நிமிடம். பேருந்து பிந்தினால் அவ்வளவு நேரம் தெருவில் நிற்போம் இல்லையா, அதனால் பிள்ளைகளை அனுப்பும்போது இந்த எண்ணைப் பாருங்கள்.

புயலுக்கு முந்தின மாலை

கைபேசிகள், பவர் பாங்க் எல்லாவற்றையும் சார்ஜில் போடுங்கள். வாளிகளிலும் குளியல் தொட்டியிலும் தண்ணீர் பிடியுங்கள், கழிவறைக்கு உதவும், ஆனால் தவழும் குழந்தை இருந்தால் தொட்டி வேண்டாம், மூடியுள்ள வாளி மட்டும். ஹீற்றிங்கை இரண்டு பாகை கூட்டி வையுங்கள், வீடு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீசரில் இடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால்வாசி நிரப்பி வையுங்கள். சோறு, பருப்பு சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு ஃபிளாஸ்கில் சுடுதண்ணீர் ஊற்றி வையுங்கள். வாசல்படியில் உப்பை ஐஸ் பிடிப்பதற்கு முன்பே தூவிவிடுங்கள், மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பு பெரிதாக வேலை செய்யாது, மணல்தான். காரைக் கராஜுக்கு வெளியே எடுத்து வைத்தால், கரண்ட் இல்லாமல் கதவு திறக்க மறுத்தாலும் கார் கையில் இருக்கும், மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிற வயது போனவரின் எண் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போன பிறகு

ஹீற்றர், கணினி, அடுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு விளக்கின் சுவிட்சை மட்டும் போட்டுவையுங்கள். கரண்ட் வந்தால் அதில் தெரியும்.

எல்லாரும் ஒரே அறைக்குப் போய்விடுங்கள். வெயில் விழுகிற பக்கத்துச் சின்ன அறை சிறந்தது. கதவிடுக்கில் துவாய் வையுங்கள், யன்னலில் கம்பளி தொங்கவிடுங்கள், பகலில் வெயில் வரும்போது விலக்கி இருட்டியதும் மூடுங்கள். நிலத்தில் மெத்தையைப் போட்டு நடுவில் குழந்தை, இரண்டு பக்கமும் பெரியவர்கள் என்று நாங்கள் ஆறு பேர் வீட்டில் இருந்த இரவுகளில் அப்படித்தான் படுத்தோம். உள்ளே 9 பாகைக்கு இறங்கிய இரவிலும் அந்த அறை மட்டும் 13இல் நின்றது. குழந்தைக்கும் முதியவர்களுக்கும் தலையில் தொப்பி போடுங்கள். மெழுகுதிரியைவிட ரோச் நல்லது, இத்தனை கம்பளிக்கு நடுவில் நெருப்பு வேண்டாம்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள். கரி அடுப்பு, பார்பிகியூ, முகாம் அடுப்பு, ஜெனரேற்றர் எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கராஜுக்குள்ளும் வேண்டாம், கராஜ் கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். 2013இல் இங்கே ஒன்ராறியோவில் ஐஸ் பாரத்தில் விழுந்த கிளைகளுக்குத் தப்பியவர்கள் இந்தப் புகையில் போனார்கள். ஊரில் மூடிய குசினிக்குள் விறகடுப்பு எரித்தவர்கள் நாங்கள், கரி கொஞ்சம் போட்டால் என்ன என்று தோன்றும். ஊர்க் குசினியில் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றோட்டம் இருந்தது. இங்கே வீடு குளிருக்காகக் காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டப்பட்டது, புகை போக வழியே இல்லை. ஜெனரேற்றர் வைத்திருந்தால் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, யன்னல் கதவுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள், சுவர்ப் பிளக்கில் நேரடியாகச் செருகாதீர்கள், தெருவில் கம்பி திருத்துகிற ஆளின் உயிருக்கு அது ஆபத்து. காஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் யன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்துச் சமைக்கலாம், ஆனால் அறையைச் சூடாக்க அதை எரியவிடக் கூடாது. அலாரம் கத்தினால் அல்லது வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் எல்லாரும் உடனே வெளியே போய் 911க்கு அழையுங்கள், ஜாக்கெற் தேட நிற்காதீர்கள்.

ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24. வெளியேதான் குளிராக இருக்கிறதே என்று சாப்பாட்டை வாசலில் வைக்காதீர்கள், பகல் வெயிலில் இளகும், இரவில் ரக்கூன் வரும். தண்ணீர்ப் போத்தலை வெளியே வைத்து உறையவைத்து, அதை உள்ளே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

வீடு மிகவும் குளிர்ந்தால் குசினித் தொட்டிக்குக் கீழே உள்ள கதவுகளைத் திறந்து வைத்து, குழாயில் நூல் போலத் தண்ணீர் ஓட விடுங்கள். வீட்டை விட்டுப் போவதென்றால் பிரதான வால்வை மூடி எல்லாக் குழாய்களையும் திறந்து வடியவிட்டுப் போங்கள். பைப் உறைந்துவிட்டால் நெருப்புக் காட்டாதீர்கள், கரண்ட் வந்ததும் தலைமயிர் உலர்த்தும் கருவியால் குழாய்ப் பக்கமிருந்து மெல்ல மெல்லச் சூடாக்குங்கள்.

எப்போது வீட்டை விட்டுப் போவது? குழந்தை, முதியவர், நோயாளி இருந்தால் முதல் இரவே யோசியுங்கள், மாநகரசபை திறக்கிற சூடான மையங்கள் எங்கே என்று 211 என்ற சமூக உதவித் தகவல் எண்ணில் அல்லது 311இல் கேட்கலாம். நாங்கள் மானம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோம், உறவுக்காரர் வீட்டில் கரண்ட் இருந்தும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று. மூன்றாம் நாள் அம்மா சரியாகக் கதைக்க முடியாமல் சொல் குழறத் தொடங்கிய பிறகுதான் ஓடினோம். உடம்புச் சூடு இறங்கும்போது முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், கை தடுமாறல், மந்தம். நடுங்கிக்கொண்டிருந்தவர் இன்னும் குளிருக்குள் இருக்கும்போதே நடுக்கம் நின்றால் சரியாகிவிட்டார் என்று நினைக்காதீர்கள், அப்போதுதான் 911. அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் இனிப்பான சூட்டுத் தேத்தண்ணி கொடுங்கள், மதுபானம் கொடுக்காதீர்கள், அது தோலுக்குச் சூடு காட்டி உள்ளே இருப்பதை வெளியேற்றிவிடும்.

விரல், காது, மூக்கு நுனி வெளிறி மெழுகு போலாகி உணர்ச்சியில்லாமல் போனால் அது உறைந்த தோல். தேய்க்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், மற்றவர் கைக்குச் சுடாத அளவில், அரை மணி நேரம் வைத்து மருத்துவரிடம் போங்கள். திரும்ப உறையக்கூடிய இடத்தில் இருந்தால் உருக்கவே வேண்டாம்.

பனி அள்ளுவது, கரண்ட் வந்த பிறகு

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பதிவுகளைப் பார்த்த ஓர் ஆய்வு, 20 சென்ரிமீற்றர் பனி கொட்டிய மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகக் கண்டது. தெற்காசியர்களுக்கு இதய நோய் ஏற்கெனவே கூடுதல், சீனி வியாதியும் சேர்ந்திருக்கும். ஐம்பது தாண்டியவர்கள் விடியற்காலை வெறும் வயிற்றில் போய் ஈரப் பனியை அள்ளி வீசுவதை நிறுத்துங்கள். தூக்காமல் தள்ளுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நில்லுங்கள், கொட்டி முடியட்டும் என்று காத்திராமல் பனி மெல்லியதாக இருக்கும்போதே இரண்டு மூன்று தடவையாக அள்ளுங்கள். நெஞ்சு இறுகினால், இடது கை உளைந்தால், மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து 911. தெருவில் விழுந்து கிடக்கிற கம்பி எதுவாக இருந்தாலும் 10 மீற்றருக்கு அப்பால் நில்லுங்கள், பிள்ளைகளையும் மறித்துவையுங்கள்.

கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். முதலில் ஹீற்றிங், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஃபிரிட்ஜ், பிறகு மற்றவை. பேஸ்மென்டில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடுகிறதா, நிலம் நனைந்திருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். 4 பாகைக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கிடந்த இறைச்சி, மீன், பால், சமைத்த கறி எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள், மணந்து பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அலாரங்களின் பற்றரியை மாற்றுங்கள். அந்த வாரமே கடைக்குப் போய் எடுத்துச் சாப்பிட்ட அவலையும் ரின் மீனையும் வாங்கித் திரும்பப் பையில் வையுங்கள், ஜனவரி முழுக்க இன்னும் கிடக்கிறது.